எந்தச் சட்டிக்கு லீவு?

தமிழாசிரியர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று காதில் வாங்கமாட்டோம். அவர் சொன்ன சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தொடங்கிவிடுவோம். என் மனைவி கலைவாணி ஒரு காலையில், “காஸ் தீந்துபோச்சுங்க” என்றாள். “எரிவாயு என்று சொல்லிப் பழகு” என்று திருத்திவிட்டுக் குளிக்கப் போனேன். சிலிண்டருக்குப் பதிவு செய்யவில்லை. (அன்று மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. மூன்று வேளையும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது.)

இந்த வியாதி வீட்டோடு இருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. பள்ளி நாட்காட்டியைத் தயாரிக்கும் வேலை என் கையில் வந்தபோதுதான் அது ஊர்வலம் கிளம்பியது.

எங்கள் பள்ளி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம், லாரிகள் நிற்கும் சாலையில் இருக்கிறது. நான் பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறவன். சுற்றுக் கிராமங்களில் நெல் விளைவிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கம்பெனிகளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசுகிற பிள்ளைகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே மணிக்கு ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள். அரசு விடுமுறைகளைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. அவை தாமாக வரும். அவை போக, பள்ளி தன் விருப்பத்துக்கு விட்டுக்கொள்ள ஒரே ஒரு நாள் இருந்தது. சண்டையெல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான்.

தலைமையாசிரியை ஸ்டெல்லா மேடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். கோபம் வந்தால் இன்னும் நிதானமாகப் பேசுவார். அதனால் எங்களுக்கெல்லாம் அவரிடம் கூடுதல் பயம்.

“தமிழ் ஐயா, இந்த வருஷ டைரிய நீங்க பாத்துக்குங்க. அந்த ஒரு நாள யாருக்குக் குடுக்கறதுன்னு பெத்தவங்களக் கேட்டு முடிவு பண்ணுங்க. ஒரு பேஜாரும் வரக்கூடாது.”

“வராது மேடம்” என்றேன், வரப்போகும் பேஜார் நானேதான் என்று தெரியாமல்.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் போனது. தெலுங்கு வீட்டுக்காரர்கள், உகாதிக்கு அரசே லீவு விட்டுவிடுகிறதே என்று சொல்லிவிட்டார்கள். ஆடிக்கூழ் ஞாயிற்றுக்கிழமையில் ஊற்றுவதால் அந்தக் கிராமங்களும் கேட்கவில்லை. கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டும் ராபர்ட் வந்து, “எங்க சர்ச் திருநாளும் ஞாயித்துக்கெழமதான் சார். லீவு நாளுக்கு இன்னாத்துக்கு இன்னொரு லீவு? தேவப்படுறவங்களுக்குக் குடுங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு டீ கூடக் குடிக்காமல் ஷிப்டுக்கு ஓடினார். அந்த நல்ல மனிதருக்கு இருந்த தெளிவில் பாதி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அப்புறம் முனுசாமி வந்தார். பெற்றோர் சங்கத் தலைவர். ஏரிக்கரை ஓரம் நெல் விளைகிற நிலம் உள்ளவர், முருகன் என்றால் உருகிவிடுகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா வாத்தியாரே, தீவாளிக்கு அப்பால சட்டி வருதில்ல? அன்னிக்கி லீவு உட்ரு. ஆறு நாளு பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம் கெடக்கறவன் நானு. கடைசி நாளு சூரசம்மாரத்துக்குப் பையன இட்டுக்கினு போவணும். வருசாவருசம் உங்க இஸ்கோல்ல ஏதோ ஒண்ண வெச்சிக்கினு கீறீங்க.”

(பால், பழம், இளநீர், மோர் ஆகியவை பச்சைத் தண்ணீரில் சேராது என்பதை அவர் மகன் பின்னால் எனக்கு விளக்கினான்.)

அவர் சட்டி என்றது கந்த சஷ்டியை. சஷ்டி என்ற வடசொல் பேச்சில் சட்டி ஆகும், விஷம் விடம் ஆவதைப்போல. இதை நான் ஏழாம் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதி நடத்தியிருந்தேன். எனவே புன்னகையோடு, “கந்த சஷ்டிதானே? பரிசீலிக்கிறேன்” என்றேன்.

“பரிசீலிக்கிறதுலாம் வேணாம். லீவு உட்ரு.”

மறுநாள் சுனிதா தேவி வந்தார். பீகார்க்காரர், ஒரு கம்பெனியில் பெட்டிகளில் சரக்கு அடுக்கும் வேலை. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பொறுக்கிச் சேர்த்த தமிழ். கூடவே மகள் ரூபி, எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்ததால் கும்மிடிப்பூண்டித் தமிழைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள்.

“சார், லீவு வேணும். சட்டி பூஜா” என்றார் சுனிதா.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “சட்டிக்கா?”

“ஆமா சார். சட்டி. பெரிய பூஜா.” இரண்டு கைகளையும் ஏந்தி, எதையோ சூரியனுக்குக் காட்டுவதுபோல் மேலே தூக்கிக் காண்பித்தார்.

“எப்போம்மா?”

“தீவாளி. அப்புறம் ஆறு.”

“ஆறா?”

“ஆமா, ஆறு. தண்ணி உள்ளே நிக்கும். பூஜா பண்ணும்.”

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. தீபாவளி முடிந்ததும் சட்டியோடு ஆற்றுக்குப் போய், தண்ணீரில் நின்று, சட்டியைத் தூக்கிக் காட்டி வழிபடுகிறார்கள்! நாம் ஆயுத பூசைக்கு அரிவாள்மனைக்குப் பொட்டு வைக்கவில்லையா? அதைப்போல இவர்கள் மட்பாண்டத்துக்கு வைக்கிறார்கள். பண்டைத் தமிழன் மண்ணில் தாழி செய்தவன். கங்கைக் கரையில் சட்டியைக் கும்பிடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லாமலா இருக்கும்?

“சார், அம்மா இன்னா சொல்றாங்கன்னா…” என்று ரூபி வாயைத் திறந்தாள்.

“பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. அதோடு ‘இன்னா’ இல்லை, ‘என்ன’.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த ஒரே ஆளின் வாயை உச்சரிப்பைக் காட்டி அடைத்த பெருமை என்னைச் சேரும்.

ஆனால் அடுத்து சுனிதா சொன்னது மட்டும் எனக்குச் சரியாகவே புரிந்தது. “லீவு இருந்தா இங்கேயே பூஜா பண்றோம் சார். லீவு இல்ல, ஊருக்குப் போறோம். ஊருக்குப் போனா ரூபி திரும்பி வராது. பெரியப்பா வீட்டுல நிக்கும். அப்பா சொல்லிட்டாரு.”

விஷயம் இதுதான். ஊருக்குப் போய்வர ரயிலிலேயே நாள் கணக்காகும். பண்டிகைக்கென்று போனால் ஒரு மாதப் படிப்பு போய்விடும். திரும்பி வந்ததும் பள்ளியில் திட்டு. வருஷாவருஷம் இந்த அவதிக்கு ஊரிலேயே பெண்ணை விட்டுவிடலாம் என்று ரூபியின் அப்பா முடிவு செய்திருந்தார். அப்படி விட்டுவிட்டு வந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். வருகைப் பதிவில் கொஞ்ச நாள் பெயர் இருக்கும், பிறகு அடித்துவிடுவோம்.

“எனக்கு அங்க யாரையும் தெரியாது சார். நான் இங்கியேதான் படிக்கணும்” என்றாள் ரூபி. குரல் உடைந்தது. உடைந்த குரலைத் திருத்த எனக்கே மனசு வரவில்லை. இந்தப் பெண்ணைப் போகவிடக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

“லீவு உண்டும்மா. டிக்கெட் எடுக்காதீங்க” என்று சுனிதாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

நாள் குறிப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஆறு எல்லா நாளும்தான் ஓடுகிறது, சட்டியும் எங்கும் போகப்போவதில்லை. தீபாவளிக்குப் பின் வரும் வெள்ளிக்கிழமையில் வைத்தால் சனி, ஞாயிறோடு சேர்ந்து ஆசிரியர்களும் வாழ்த்துவார்கள். டைரியில் வெள்ளிக்கு நேரே, “மட்கல வழிபாட்டு நாள் – விடுமுறை” என்று எழுதினேன். சட்டி என்று பச்சையாக எழுதினால் தமிழாசிரியன் மானம் என்னாவது? அடுத்து வந்த திங்கள்தான் கந்த சஷ்டி. கொடுக்க லீவு இல்லாததால் அந்தத் திங்களில் இடைத்தேர்வை வைத்தேன். தமிழ்த் தேர்வு.

இரவு சாப்பிடும்போது கலைவாணியிடம் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். “சட்டிக்குப் பூஜையா? நான் கேள்விப்பட்டதே இல்லையே. அந்தம்மாவ இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்.”

“உனக்கு வரலாறு தெரியாது” என்றேன். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் மேலே ஒன்றும் சொல்லாத ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ ஒன்று காத்திருந்திருக்கிறது. அதை நான் கவனித்துக் குறித்துக்கொள்ளவில்லை.

ஜூனில் டைரி அச்சாகி வந்தது. ஒரு வாரத்துக்குள் ரூபி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். “சார், டைரில சட்டி இல்ல சார்.”

“தூய தமிழில் மட்கலம் என்று போட்டிருக்கிறேன், போய்ப் படி.”

“இல்ல சார், அந்த நாளு…”

“நாளு இல்லை, நாள். கடைசி உகரம் வேண்டாம்.”

போய்விட்டாள். பெற்றோர் வாட்ஸ்அப் குழு அவளைப்போல அடங்கிப் போகவில்லை. மட்கலம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்க, சட்டி என்று இன்னொருவர் சொல்ல, முனுசாமி குரல் பதிவு போட்டார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக் கேட்டேன்.

“எங்க முருகன் சட்டிக்கி லீவு இல்லியாம், சோறாக்கற சட்டிக்கி லீவாம்! சரி, போவட்டும். அதே நாளு பார்த்து பரீச்ச வேற வெச்சிக் கீறாரு வாத்தியாரு!”

அதற்குப் பிறகு குழுவில் நல்ல பேச்சு இல்லை. நேற்று வந்தவங்களுக்கு லீவு, நமக்குப் பரீட்சையா என்று ஒருவர். எங்கள் பிள்ளைகளை ஏன் இழுக்கிறீர்கள் என்று இந்தியில் இன்னொருவர். வகுப்பில் ரூபியைச் சிலர் சட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் என்னிடம் வந்து சொல்லவில்லை, வேறொரு பெண் சொன்னாள். ஒரு பெண்ணை இங்கே இருத்திவைக்கப் போய், அவளை இங்கே இருக்கமுடியாமல் செய்துகொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா மேடம் என்னைக் கூப்பிட்டு மிக மிக நிதானமாகப் பேசினார். “தமிழ் ஐயா. உங்கள நான் ஒரு நாள் லீவுதானே பாக்கச் சொன்னேன்?”

காலாண்டு விடுமுறை முடிந்ததும் பெற்றோர் கூட்டம் என்று முடிவாயிற்று. என் முடிவுக்கு நானே விளக்கம் சொல்லவேண்டும். சபை ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த லீவு ரத்து. ரத்தானால் ரூபி ஊருக்கு.

எனவே நான் வெறுமனே பேசினால் போதாது, கண்ணுக்கு விருந்தாகவும் காட்டவேண்டும் என்று நினைத்தேன். (இந்த இடத்தில் யாராவது என்னைத் தடுத்திருக்கலாம்.) நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு மண்சட்டியைச் சுண்ணாம்பும் காவியும் பூசிக் கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். பொன்னேரி சந்தையில் மண்பாண்டக்காரர் பொங்கலே வந்துவிட்டதா என்று கேட்டாராம். கூட்டத்தன்று மேடையில் சட்டிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேலே துணியில், ‘மட்கலமே, நீ வாழ்க!’ என் கைப்பட எழுதியது.

என் பேச்சைக் கேட்க வந்திருந்த கலைவாணி முதல் வரிசையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இருமல் என்று நினைத்தேன்.

பேசினேன். தாழியில் தொடங்கி, பானைக்கு வந்து, சட்டியில் ஏறி நின்றுகொண்டேன். “சட்டி இல்லையேல் சமையல் இல்லை, சமையல் இல்லையேல் சமுதாயம் இல்லை” என்றேன். எவரும் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் ராபர்ட் மட்டும் இரக்கப்பட்டு இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்து, “இந்த அரிய வழிபாட்டை நமக்கு அறிமுகப்படுத்திய சகோதரி சுனிதா தேவி, தம் முறைப்படி சட்டிக்குப் பூசை செய்து தொடங்கி வைப்பார்” என்று அறிவித்தேன்.

சுனிதா முழித்தார். மேடையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று பின்னால் தெரிந்தது: தமிழ்நாட்டில் கூட்டம் தொடங்குவதற்கு முன் சட்டியைக் கும்பிடுவார்கள் போலிருக்கிறது, நாம் மறுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதையாக மேடையேறி, முதல் சட்டிக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். அப்புறம் இரண்டாவது சட்டிக்கு. அப்புறம் மூன்றாவது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவர் பாட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்.

முனுசாமி எழுந்துவிட்டார். “நிறுத்துங்கய்யா! இதுக்கா லீவு? வெரதம் இருக்கறவன் கேட்டா இல்ல, குண்டான் சட்டிக்கி லீவு! வாத்தியாரே, நாளைக்கி கரண்டிக்கி ஒரு நாளு, தோசக்கல்லுக்கு ஒரு நாளு உடுவியா நீ?”

கூட்டம் சிரித்தது, பிறகு சத்தம் போட்டது. லீவே வேண்டாம், ரத்து செய் என்றார்கள். மேடம் எழுந்து மைக்கை நோக்கிக் கையை நீட்டினார். ரத்து என்று சொல்லப்போகிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மேடம் கைக்குப் போகவேண்டிய மைக்கை ரூபி எடுத்துவிட்டாள். எப்போது மேடையேறினாள் என்று நான் பார்க்கவில்லை. அன்று அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

“சார், இந்தச் சட்டி இல்ல சார்! சட்டி மைய்யா. எங்க சாமி பேரு. எங்களுது சட்டிக்குப் பூஜ இல்ல, சூரியனுக்குப் பூஜ. நான் சொல்ல வந்தப்போலாம் நீங்க ‘இன்னா’ சொல்லாதன்னு சொல்லிக்கினே இருந்தீங்க!”

என் காது சுட்டது.

“ஆனா அம்மா ஆறு என்று சொன்னாங்களே, ஆற்றில்தானே…” என்று இழுத்தேன்.

“அந்த ஆறு இல்ல சார்! அஞ்சு, ஆறு, ஏழு… அந்த ஆறு! தீவாளிலேந்து ஆறாவது நாளு. நீங்க வெள்ளிக்கெழம போட்டுட்டீங்க. எங்க சட்டி திங்கக்கெழம சார். அன்னிக்கி நீங்க தமிழ் பரீச்ச வெச்சிக் கீறீங்க. அப்பா அதப் பாத்தா என்னிய ஊருக்கு இட்டுக்கினு போயிடுவாரு” என்றவள், அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள். சுனிதா குங்குமக் கையோடு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார்.

முனுசாமி உட்காரவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அமாவாசைக்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கி, அடுத்த கைக்கு வந்து நிறுத்தினார்.

“ஏம்மா, ஆறாம் நாளுன்னா அமாவாசைக்கி அப்பாலியா?”

“ஆமா அண்ணா. சட்டி.”

“திங்கக்கெழமையா?”

“ஆமா. சட்டி!”

“யம்மா, அதான் எங்க சட்டி!” என்று முனுசாமி கத்தினார். “முருகன் சட்டி! ஆறாம் நாளு! நானும் ஆறு நாளு வெரதம்!”

“நானும் விரதம்!” என்றார் சுனிதா. “தண்ணிகூட இல்ல!”

“தண்ணிகூடவா?” முனுசாமி கொஞ்சம் பின்வாங்கினார். இளநீரைப் பற்றி அவர் மகன் வாய் திறக்க, ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தார்.

இரண்டு பேரும் சட்டி, சட்டி என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாம் திதி சஷ்டி. அங்கேயும் அதுதான் தேய்ந்து அப்படியாகியிருக்கிறது, இங்கேயும் அதுதான் தேய்ந்து இப்படியாகியிருக்கிறது. இரண்டும் ஒரே நாள், ஒரே சொல். ஷ என்பது ட ஆகும் என்று கரும்பலகை நிறைய எழுதியவன் நான். ஒரே லீவை ஒரே நாளுக்குக் கேட்டு வந்த இரண்டு பேரை, நாலு மாதம் எதிரும் புதிருமாக நிறுத்திச் சண்டைபோட வைத்தவனும் நான்.

எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஓரடி பின்னால் வைத்தேன். பின்னால் இருந்தவை சட்டிகள். முதல் வரிசை நொறுங்கியது. காலை எடுத்தேன், ஒரு சட்டி காலோடு வந்தது. அதை உதறப்போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அழுதுகொண்டிருந்த ரூபியும் சிரித்தாள். கலைவாணிக்கு வந்தது இருமல் இல்லை என்பதும் அப்போது உறுதியானது.

ஸ்டெல்லா மேடம் சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி, நிதானமாக, “திங்கக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை பரீட்சை. ரூபி, அப்பாகிட்ட நானே பேசறேன். நீ எங்கயும் போகல” என்றார். ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். “தமிழ் ஐயா, எழுந்திரிக்கப் பாருங்க.”

முனுசாமிதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அப்படியே சுனிதா பக்கம் திரும்பி, “எங்கம்மா தண்ணில நிப்பீங்க? எங்க ஏரி ரொம்பிக் கீது, படியும் கீது. அங்க வந்துருங்க. சாமி கும்புட தண்ணிக்கி துட்டா கேக்கப் போறோம்?” என்றார்.

அந்தத் திங்கள் மாலை ஏரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் அப்புறம் யார் முகத்திலும் விழிக்கமுடியாது. முனுசாமி என் தோளில் ஒரு வாழைத்தாரை ஏற்றிவிட்டு, “தூக்கினு வா வாத்தியாரே, பரிகாரம்” என்றார். சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நெற்றி நிறையத் திருநீற்றோடு கரையில் நின்றார்கள். தண்ணீரில் இடுப்பளவில் பெண்கள் நின்றார்கள். மஞ்சள் புடவையில் சுனிதா, பழங்கள் நிறைந்த ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி, விழுகிற சூரியனுக்குக் காட்டினார். அன்று என் அறையில் கைகளைத் தூக்கிக் காட்டினாரே, அதே மாதிரி.

“அது மொறம் வாத்தியாரே” என்று முனுசாமி காதருகே சொன்னார். “கண்ணு நல்லா தெரியுதில்ல? மொறம்.”

ரூபியின் அப்பா எனக்கு ஒரு இனிப்பைக் கொடுத்தார். தமிழ் அதிகம் வராது அவருக்கு. “டிக்கெட் எடுக்கல” என்று மட்டும் சொன்னார். மறுநாள் சூரிய உதயத்துக்கும் அவர்கள் தண்ணீரில் நிற்கவேண்டும் என்பதால், அந்தப் பிள்ளைகள் முதல் பாடவேளை முடிந்து வந்தால் போதும் என்று மேடம் சொல்லியிருந்தார். முதல் பாடவேளை தமிழ். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அதிலிருந்து எங்கள் பள்ளி டைரியில் அந்த நாளுக்கு நேரே, “சட்டி விடுமுறை” என்றுதான் அச்சாகிறது. தூய வடிவம் ஒன்று என்னிடம் இருந்தது; மேடம் கேட்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் வாயால் சொல்லும் சொல் இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்றார். என் பெயரும் அன்றோடு மாறிவிட்டது. பள்ளியில் சட்டி ஐயா. பொன்னேரி ரயிலில் ஒருமுறை யாரோ அப்படிக் கூப்பிட, பெட்டியில் இருந்த பாதிப் பேர் என்னைத்தான் பார்த்தார்கள். வீட்டிலும் அதேதான். நான் எதற்காவது நீளமாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் போதும், கலைவாணி, “எந்த ஆறு?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். என் பிள்ளைகள் அதை விருந்தாளிகளுக்கு நடித்தே காட்டுகிறார்கள். சட்டியில் நான் விழும் கட்டத்தில் பெரியவன் கொஞ்சம் மிகையாக நடிக்கிறான்.

ரூபி இப்போது பிளஸ் டூ. டைரி அச்சுக்குப் போகுமுன் அவளிடம் ஒருமுறை படித்துக் காட்டவேண்டும் என்பது மேடம் போட்ட உத்தரவு. இந்த வருஷம் அவள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரை அழைத்து வந்தாள். ஒடிசாக்காரர், பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார். தயங்கித் தயங்கி, “சார், எங்க பண்டிகை ஒண்ணு இருக்கு. ரொஜொ” என்றார்.

ரோஜா! மலருக்கு ஒரு திருவிழா! நம்முடைய பூச்சொரிதல்! என் உள்ளே எல்லாம் கிளம்பிவிட்டது, வாயும் திறந்துவிட்டது. ரூபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடினேன். தண்ணீர் குடித்தேன். “எந்த நாளும்மா?” என்று கேட்டேன். ஜூன் நடுவில் என்றார். நாளைக் குறித்துக்கொண்டு, பெயரை அவரையே எழுதச் சொன்னேன். ரூபி வாய்விட்டுச் சிரித்து, “சார் நல்லா ஆயிட்டாரு” என்று அந்த அக்காவிடம் இந்தியில் சொன்னாள். அந்த அளவு இந்தி எனக்கே புரிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உட்கார்ந்து கலைவாணியிடம் சொன்னேன். அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. “ரொஜொவா? அப்படின்னா இன்னாங்க அர்த்தம்?”

“தெரியாது” என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். “இன்னொரு தடவ சொல்லுங்க.”

“தெரியாது. அவங்களையே கேக்கணும்.”

“கல்யாணம் ஆன நாளா இத நான் கேட்டதே இல்லீங்க” என்றாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலும் ஒருமுறை சொல்லவைத்தாள். சொன்னேன். அன்று என் இலையில் ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தது.